வேற மாத்திரை ஒண்ணும் இல்ல

பாவா மாத்திரை போடுவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. காலை ஏழரைக்கு அவருடைய கைப்பேசி அலறும். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாலும் மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்வார். பீரோவின் மேல்தட்டிலிருந்து குப்பியை எடுத்து, ஒரே ஒரு மாத்திரையை அதன் மூடியில் விழவைத்து, மூடியிலிருந்தே வாயில் போட்டுக்கொள்வார். விரல் படாது. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டார். பிறகு சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அன்றைய தேதியின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் போட்டபிறகுதான் அவருக்கு அன்றைய பொழுது தொடங்கும்.

பாவா என் அக்காவின் கணவர். கே.ஜி.கண்டிகையில் கரும்பும் வேர்க்கடலையும் வைக்கிற குடும்பம். நான் திருத்தணிக் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். அந்தப் படிப்பே அவரால் வந்ததுதான். என்னைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிடலாம் என்று நைனா, எங்கள் அப்பா, முடிவு செய்தபோது, புது மாப்பிள்ளையாக வந்திருந்த பாவா சாப்பாட்டு இலையின் முன் உட்கார்ந்துகொண்டு, "படிக்கட்டும் மாமா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். நைனா மறுபேச்சுப் பேசவில்லை.

அவருக்கு வந்தது இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ஒரு வகைப் புற்று. தலைமுடி கொட்டவில்லை, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கவுமில்லை. நோயை உண்டாக்கும் அந்த ஒன்றை மட்டும் தேடிப்போய் அடக்குகிற மாத்திரை, தினம் ஒன்று, வாழ்நாள் முழுக்க. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் கொடுத்தார்கள். எங்கள் கடையில் அது வருவதில்லை. முதல் நாளே டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்: உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் அதைத் தொடக் கூடாது. உடம்பு நன்றாகிவிட்டது என்று நினைத்துத் தானாக நிறுத்தவே கூடாது. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க மருந்தாளுநரா? அப்போ எனக்குக் கவலையே இல்லை" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

சொன்னதையெல்லாம் பாவா அப்படியே பிடித்துக்கொண்டார். அவருடைய மருமகள் அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்ததால்தான் பீரோவின் மேல்தட்டு, சோப்பு, மூடி எல்லாம். ஒருநாள் மாத்திரை போட்ட அரைமணியில் வாந்தி வந்துவிட்டது. உடனே எனக்குப் போன் செய்தார். "பாப்பா, வெளிய வந்துடுச்சு. இன்னொண்ணு போட்டுக்கட்டுமா?" நான் மருத்துவமனைக்குப் பேசிக் கேட்டு, வேண்டாம், நாளைக்கு வழக்கமான நேரத்துக்குப் போட்டால் போதும் என்று சொன்னேன். அன்று முழுக்க அவர் ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார் என்று அக்கா சிரித்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து நோயின் அளவைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அது இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவர் தானே காவடி எடுத்து மலையேறினார்.

அதற்கு அடுத்த தை மாதம் என்று நினைவு. கடையில் கூட்டம். பாவா ஓரமாக நின்று, எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "நெஞ்சு எரியுது பாப்பா. காரம் துன்னா ஒத்துக்கல. எதனா குடேன்." நான் நிமிர்ந்துகூடப் பார்த்தேனா என்று தெரியவில்லை. தினம் பத்துப் பேர் கேட்பது, பத்துப் பேருக்கும் கொடுப்பது. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை அட்டை இரண்டை எடுத்து நீட்டினேன். "காலைல வெறும் வயித்துல போடுங்க பாவா. தினம் போட்டாத்தான் கேக்கும்." அவர் அதையும் சொன்னபடியே செய்தார். ஏழு மணிக்கு நான் கொடுத்தது, ஏழரைக்கு டாக்டரம்மா கொடுத்தது. எரிச்சல் போய்விட்டது. அட்டை தீரும்போதெல்லாம் நானே வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

சித்திரையில் எடுத்த இரத்தத்தில் நோய் ஏறியிருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எத்தனை நாள் மாத்திரையை விட்டீங்க?"

"ஒருநாள்கூட விடல மேடம்."

"நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஏன் கேக்கறேன்னா, உங்க உயிர் அதுலதான் இருக்கு."

"சாமி சத்தியமா விடல மேடம். காலண்டர்ல கோடு போட்டு வச்சிகினு கீறேன்."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"வேற மாத்திரை ஒண்ணும் இல்ல மேடம். இது ஒண்ணுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. நெஞ்செரிச்சலுக்குப் போடுவதை அவர் மாத்திரைக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. அது பாப்பா கொடுத்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி வந்தவுடனே நான் கொடுத்த அட்டை நினைவுக்கு வந்தது. சில மாத்திரைகள் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். வகுப்பில் படித்ததுதான். இந்த மாத்திரை அந்த வகையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாததால் பேசவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. "எனக்குக் கவலையே இல்லை" என்று சொன்ன அந்த அம்மாளின் முன்னால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நோய் உருமாறியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சோதனைக்கு எழுதி, நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

திரும்பும் மின்சார ரயிலில் பாவா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் பையிலிருந்த மாத்திரைப் பெட்டியைத் திறந்து, உள்ளே பல மடிப்பாக மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைப் பிரித்ததில்லை. எறும்பு ஊர்கிற அளவு எழுத்து. திருவள்ளூர் தாண்டும்போது அந்த வரி கண்ணில் பட்டது. நான் கொடுத்த வகை மாத்திரையோடு சேர்த்து இதைச் சாப்பிடக் கூடாது, சேர்த்தால் மருந்து உடம்பில் ஏறுவது குறையும் என்று இருந்தது. மூன்று மாதமாக அவர் விரல் படாமல், கோடு போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிய மருந்தில் பாதி உடம்பில் சேராமலே போயிருக்கலாம்.

அரக்கோணத்தில் கூட்டம் இறங்கியதும் அவர் விழித்தார். "அந்த நெஞ்செரிச்சல் மாத்திரய இனிமே போடாதீங்க பாவா, ரொம்ப நாள் போடக் கூடாது" என்றேன். "ஆங், சரி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. நான் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டேன். ஆபத்தை நிறுத்திவிட்டேன், அது போதும் என்று நினைத்தேன். அவர் பெயருக்கு என்ன ஆகும் என்பதை நான் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்டிகைக்குப் போனேன். ஏழரை மணி. டாக்டரம்மா கேட்ட கேள்வி அக்காவின் காதுக்குப் போயிருந்தது; குப்பி இப்போது அவள் கையில் இருந்தது. பிளாஸ்டிக் உறை மாட்டிய கையால் அவளே மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அவர் தண்ணீர் குடித்து முடித்ததும், "வாயத் தெறங்க" என்றாள். பாவா திறந்தார். "நாக்கத் தூக்குங்க." தூக்கினார். இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாள்காட்டியில் கோடு போட அவர் பேனாவை எடுத்தபோது அக்கா சொன்னாள்: "கோட்ட யார் வேணா போடலாம்." அவர் பேனாவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனார். அவள் கொடுமைக்காரி அல்ல. அவள் பயந்திருந்தாள். பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவர்தான் கையெட்டும் தூரத்தில் இருந்தார்.

நான் அவர் பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரயிலில் படித்ததையும், மருத்துவமனையில் வாயை மூடிக்கொண்டிருந்ததையும். அவர் டீ டம்ளரைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"அப்போ நான் சரியாத்தான் போட்டுகினு இருந்தேன்."

"ஆமா பாவா. ஒருநாள்கூட நீங்க தப்புப் பண்ணல."

"அது போதும்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். நோய் ஏறியதற்கு அவர் கலங்கவில்லை.

அடுத்த முறை அக்காவும் எங்களோடு வந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் தொண்டையைச் செருமுவதற்குள் பாவா முந்திக்கொண்டார். "மேடம், நெஞ்செரிச்சல்னு நானே ஒரு கடைல மாத்திர வாங்கிப் போட்டுகினு இருந்தேன். மூணு மாசம். அது மாத்திரைல சேராதுன்னு நெனச்சிட்டேன்." மாத்திரையின் பேரைக் கேட்டார்கள், அவர் சொல்ல, டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நோய் உருமாறவில்லை, ஏறியதற்கு இது காரணமாக இருக்கலாம், பார்ப்போம் என்றார். இனி வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், சூரணம், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு ஒவ்வொரு முறையும் எடுத்து வரவேண்டும் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார். அக்கா அங்கேயே அவர் பக்கம் திரும்பினாள். "வூட்டுலயே கடைக்காரி இருக்கறா. அவள ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

வெளியே, அக்கா மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது அவரிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. "என்மேல கோவம் ரெண்டு நாள்ல தீந்துடும் பாப்பா. உன்மேலன்னா தீராது. அக்கா தங்கச்சி பேசாம போயிடுவீங்க" என்றார். யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல இருந்தது. நான் மறுத்திருக்க வேண்டும். வரிசையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி.

அதற்குப்பின் அளவு இறங்கியது. ஒன்றரை வருஷம் நன்றாகவே இருந்தார். ஆனால் முன்பு இறங்கியிருந்த ஆழத்துக்கு அது இறங்கவேயில்லை. பிறகு நோய் நிஜமாகவே உருமாறியது, வேறு மருந்து, அதற்கும் அடங்கவில்லை. ஓர் ஐப்பசி மழையில் போய்விட்டார். எல்லாம் முடிந்தபிறகு நான் தனியாகச் சென்னைக்குப் போய், மாத்திரை கொடுத்தது நான்தான் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த மூன்று மாதம்தான் காரணமா என்று கேட்டேன். "அது இல்லாமலும் இப்படி ஆகியிருக்கலாம். அதனாலும் ஆகியிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

இப்போது கடையில் நான் எதையும் கேட்காமல் கொடுப்பதில்லை. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த நோய்க்கு, சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் சிலர் முகம் சுளித்து எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். ஆனால் இதனால் ஒன்றும் ஈடாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

போன ஐப்பசியில் பாவாவின் திவசம். சாப்பாடு முடிந்து, அரக்கோணத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தியிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: "நல்லாத்தான் இருந்தாரு. எந்தக் கடைலயோ எதையோ வாங்கித் துன்னு கெடுத்துக்கினாரு." வருஷா வருஷம் யாரிடமாவது சொல்வதுதான். அந்தப் பெண் போனபிறகு, அக்கா இலைகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் எதிரில் போய் நின்று சொன்னேன். "அந்த மாத்திரய நான்தான் குடுத்தேன்க்கா. உங்கிட்ட சொல்ல வேணாம்னு பாவா பழிய அவர் மேல போட்டுக்கினாரு."

அவள் கத்துவாள், கையிலிருக்கிற இலையை என்மேல் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்திருந்த காட்சி அது. அவள் இலைகளைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். என்னைப் பார்த்துக்கூட அல்ல.

"மருமகப் பொண்ணு எதிர்ல நாக்கத் தூக்கிக் காட்டச் சொன்னேனே. அந்த மனுசன் தூக்கிக் காட்டினாரே. அத நான் இப்ப யாருகிட்ட போயி சொல்றது?"