இடுப்பு வலி என்று சொன்ன பொய்

போன வருடம் சாரல் பெய்யும் மாதங்களில், அல்லிநகரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பிரசவம் முடிந்து ஐந்தாம் மாதம் தாய் வீட்டிலிருந்து திரும்பியிருந்தேன். மகள் நன்றாகத்தான் இருந்தாள். நான்தான் நன்றாக இல்லை. அவள் அழுதால் தூக்கத் தோன்றாது, பயமாக இருக்கும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் காரணமில்லாமல் அழுவேன். படித்தவள், இது ஒரு நோய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நான் நல்ல தாயில்லையோ என்றுதான் முதலில் தோன்றியது.

கணவரிடம் மட்டும் சொன்னேன். டாக்டரிடம் அழைத்துப் போனார். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், அதே மருத்துவமனையில் காலையில் நடக்கும் யோகா வகுப்புக்கும் போகச் சொன்னார். யோகா துணைக்குத்தான், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

மாமியாரிடம் என்ன சொல்வது? மனசு சரியில்லை என்றால், பிள்ளையை இவளிடம் விடலாமா என்று நினைத்துவிடுவாரோ? "இடுப்பு வலி அத்தை, அதுக்குத்தான் மாத்திரையும் யோகாவும்" என்றேன்.

முதல் வாரம் வகுப்பில் கண்ணை மூடவே முடியவில்லை. மூடினால் குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும். சொல்லித் தந்த பெண்ணுக்கும் என் வயதுதான். "கண்ணத் திறந்தே வச்சுக்கங்க. மூச்ச மட்டும் மெதுவா விடுங்க, போதும்" என்று சிரித்தாள். மூன்றாவது வாரம் ஒரு நாள், வகுப்பு முடிந்து வரும்போது மலை கண்ணில் பட்டது. மலை எப்போதும் அங்கேதான் இருக்கிறது. நான் பார்த்துத்தான் பல மாதமாகியிருந்தது. அன்றைக்கு நன்றாகப் பசித்தது. நாலு இட்லி சாப்பிட்டேன்.

அதற்குள் என் பொய்க்கு வீட்டில் வைத்தியம் பலமாக நடந்துகொண்டிருந்தது. அத்தை என்னைக் குடம் தூக்க விடவில்லை. இடுப்புக்கு நல்லது என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டித் தந்தார். ஒரு நாள் களிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "ஏத்தா, குமுளியில எண்ணெய் வைத்தியருகிட்ட மாமா பேசிட்டாக. பதினாலு நாளு அங்கனயே தங்கணுமாம். வளைஞ்சு நெளியிறதும் வேணாம், இங்கிலீசு மாத்திரையும் வேணாம்னு வைத்தியரு சொன்னாராம். திங்கக்கிழமை ஜீப்பு வருது" என்றார்.

மாத்திரையும் போய், வகுப்பும் போனால் மறுபடி அந்தக் குளியலறைதான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், மகள் அழுதால் பயமாக இருக்கும் என்பதைக்கூட.

அத்தை, "வந்த நாள்ல இருந்து நீ மொகங்குடுத்துப் பேசல. எங்க வீடு ஒனக்குப் பிடிக்கலன்னு நெனச்சு நானும் தனியா அழுதுக்கிட்டுல்ல கெடந்தேன்" என்றார். உடனே குரல் மாறியது. "அப்ப வலியே இல்லாத இடுப்புக்கா நாங் கை வலிக்கக் களி கிண்டுனேன்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

ஜீப் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்ட மாமாவிடம், "பொம்பளைக விசயம், ஒங்களுக்கு எதுக்கு?" என்று முடித்துவிட்டார். மறுநாளிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே என்னோடு வந்தார். ஒரு காலை, கடைசியில் சவாசனத்தில் படுத்திருந்தபோது வெளியே மகள் அழுதாள். நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். படபடக்கவில்லை. பால் சுரந்து உடை நனைந்தது. எழுந்து போய் அவளை வாங்கிக்கொண்டேன்.

பிறகு மாத்திரையை டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். வகுப்புக்கு இன்னும் போகிறேன். களியும் வாரம் தவறாமல் வருகிறது. முன்பே சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் யோசிப்பேன். அதனால்தானோ என்னவோ, பிள்ளை பெற்ற பெண் யாராவது இடுப்பு வலி என்று சொன்னால், வேறு எங்கேயும் வலிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்காமல் என்னால் எழுந்து வர முடிவதில்லை.