மரியராணி வாங்கிய இரட்டைக்குழல் துவக்கு

இங்கே இத்தாலியில், கபோ சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மரியராணியின் மகள் டிலானி. "அன்ரி, அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றாள். கத்தரிக்காயைத் தட்டிலேயே விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவே நின்று ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். வாங்குவதானால் வாங்கு, இல்லையேல் வழிவிடு என்றான் கடைக்காரன். அவனுக்குரிய பதிலையும் கொடுத்துவிட்டே வந்தேன்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பின் டிலானி சீசா பகுதியிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்றாள். பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, "அந்தத் துவக்குக் கதையை மட்டும் விட்டிடுங்கோ அன்ரி. ஊரிலை இருக்கிற ஆக்களும் வாசிப்பினம். துவக்கு எண்டா என்ன நினைப்பினம்?" என்றாள்.

எழுதுகிறேன் என்றேன். விடுகிறேன் என்று சொல்லவில்லை.

மற்றவர்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும். மரியராணி கோயில் பாடற்குழுவில் பாடினார், திருநாளுக்கு இடியப்பம் அவித்தார், புதிதாக வந்தவர்களுக்குத் துணையாக, விசா கொடுக்கும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றார் என்று எழுதுவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதே வரிகளை நம்மில் எத்தனையோ பெண்களின் படத்துக்குக் கீழும் அச்சிடலாம். அவர் துப்பாக்கி வாங்கிய அந்தத் துவக்குக் கதையை மரியராணியின் படத்துக்குக் கீழே மட்டும்தான் அச்சிட முடியும்.

அவர் நெடுங்காலம் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் வேலை செய்தார். குளிர்காலம் வந்தால் அந்த வீட்டு ஐயாவும் நண்பர்களும் மலைப்பக்கம் வேட்டைக்குப் போவார்கள். பெக்காச்சா என்ற பறவையைக் கொண்டுவருவார்கள். நம் உள்ளானைப் போல நீண்ட அலகு, அதைவிடப் பெரிய உடல், காய்ந்த இலையின் நிறம். இறகு பிடுங்குவதும் சமைப்பதும் பரிமாறுவதும் மரியராணி. அவருடைய பங்கைச் சாப்பிடுவது குசினியில், அடுப்படியில் நின்றபடி. ஒருநாள் பரிமாறும்போது, அந்த மலை எப்படியிருக்கும், ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். "நீ வந்தால் யார் சமைப்பது, மரியா?" என்றார் ஐயா. மேசை முழுவதும் சிரித்தது.

அக்காலத்தில் நானும் ஒரு வயோதிப சிஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும், "அக்கா, நான் துவக்கு வாங்கப்போறன்" என்றார்.

"ஆரைச் சுட?"

"பயப்படாதேங்கோ, ஐயாவை இல்லை. ஒரு பெக்காச்சா. இவ்வளவு காலமும் ஆரோ சுட்டதுக்கு நான் இறகு பிடுங்கினன். ஒண்டையாவது நானே சுட்டு, என்ரை ஆக்களோடை இருந்து சாப்பிடவேணும்."

வேட்டை அனுமதிக்குப் பரீட்சை உண்டு. எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது, வீட்டுக்கும் தெருவுக்கும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று எல்லாம் இத்தாலிய மொழியில் கேட்பார்கள். கொன்வென்ற் பள்ளியில் என்னிடம் கன்னியாஸ்திரிகள் பாடம் கேட்டதைப் போலவே அவரிடம் நான் பாடம் கேட்டேன். ஒரு சொல் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதன்முறை அவர் பரீட்சையில் தவறினார். போதும், விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த முறை தேறினார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபோது ஒருவர், காதில் விழட்டும் என்றே சொன்னார்: "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இவவுக்கு இப்ப துவக்குக் கேக்குதாம்."

மரியராணி திரும்பினார். "என்ரை தலைக்கு மேலாலை வெடி வைச்ச துவக்கெல்லாம் ஆர் வாங்கினதெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி. இது நான் வாங்கிறது. பறவைக்குத்தான். நீங்கள் பயப்பிடாமல் வீட்டை போங்கோ."

சொன்னவர் இப்போதும் நம்மிடையே இருக்கிறார். இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

பிரான்காச்சோ என்ற பகுதியில் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். எங்களைக் கண்டதும் கடைக்காரர் தலைநிமிராமலே, "துப்புரவுக்கு ஆள் இருக்கிறது" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மரியராணி தன் அனுமதிப் பத்திரத்தை எடுத்து, அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தாளுக்கு மேலேயே வைத்தார். மனிதர் அதை வாசித்தார். எழுந்து நின்று மறுபடியும் வாசித்தார்.

புதிய தானியங்கித் துவக்குகளைக் காட்டினார். மரியராணி பார்க்கவில்லை. குழல்கள் பக்கம் பக்கமாக இருக்கும் பழைய இரட்டைக்குழல் வேண்டும் என்றார். இளைஞர்கள் அதை இப்போது விரும்புவதில்லை. அதனால் நல்லதும் மலிவாகக் கிடைக்கும் என்று, தான் சுடப் பழகிய பயிற்சித் திடலில் விசாரித்து வைத்திருந்தார். கடைக்காரர் முதலில் எடுத்துவந்தது மிக அழகானது. இரும்பில் நாயும் பறவையும் செதுக்கியிருந்தது. மரியராணி அதைக் காதருகே பிடித்து அசைத்தார். குழல் சேருமிடத்தில் மெல்லக் கடகடத்தது. "படம் பாக்க நான் வரேல்லை" என்று எனக்குத் தமிழில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவதில் ஒரு பூவும் இல்லை. கழற்றிக் குழலினூடாக யன்னலைப் பார்த்தார். உள்ளே துருவும் இல்லை, நெளிவும் இல்லை. கடைக்காரர் குழல்களைத் தொங்கப் பிடித்து விரலால் தட்டிக் காட்டினார். கோயில் மணிபோல ஒலித்தது. பிறகு மரியராணியைக் கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்து, கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தால் குழல் எங்கோ பார்த்தது. தோளில் முட்டும் மர அடிக்கட்டை அவருக்கு நீளம்.

"வெட்டலாம்," என்றார் கடைக்காரர். "ஆனால் வெட்டினால் நாளைக்கு விற்கும்போது விலை போகாது, சிஞோரா."

"விற்க நான் வாங்கவில்லை. வெட்டுங்கள்."

அவர் சிஞோரா என்று மரியாதையாக அழைத்ததை நாங்கள் இருவருமே கவனித்தோம். விலையைப் பற்றிக் கதைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களில் பலர் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் படம்பிடிக்கக் கொடுப்பதைவிட அது குறைவு.

முதல் வேட்டைப் பருவத்தில் வெறுங்கையோடு வந்தார். பயிற்சித் திடலில் பழகிய ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான் துணை. இரண்டாம் பருவத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் என் வீட்டு மணி அடித்தது. சேறு படிந்த சப்பாத்தோடு மரியராணி நின்றார். கையில் ஒரு பெக்காச்சா. உள்ளே வந்ததும் பழக்கத்தில் குசினிக்குள் போய்க் சட்டைக் கையை மடித்தார். நான் பறவையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போய் இருங்கள் என்றேன். என் வாழ்நாளில் நான் இறகு பிடுங்கியதில்லை. தோல் கிழிந்தது. இறகு என் கண்ணாடியில் ஒட்டியது.

"கொன்வென்ற்றிலை இது படிப்பிக்கேல்லையோ அக்கா?" என்று கதிரையில் இருந்தபடி கேட்டார்.

டிலானி, நீயும் அன்று அந்த மேசையில் இருந்தாய். தொடைக்கறியைச் சாப்பிட்டது நீ. இன்னும் இருக்கா அன்ரி என்று கேட்டதும் நீ.

அடுத்த கிழமை வழக்கறிஞரின் வீட்டில் பரிமாறும்போது, நானும் ஒன்று சுட்டு விழுத்தினேன் என்று சொல்லியிருக்கிறார். ஐயா சிரித்தார். பிறகு எங்கே, எவ்வளவு தூரத்தில், யாருடைய நாய் என்று கேட்டார். பதில்களைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தி, எழுந்து ஒரு கிளாசில் வைன் ஊற்றி நீட்டினார். அவர் இருக்க ஒருவரும் கதிரையை இழுத்துப் போடவில்லை. மரியராணி கிளாசைத் தொடாமல் குசினிக்குப் போய்விட்டார். "கதிரை தராத இடத்திலை கிளாஸ் என்னத்துக்கு அக்கா?" என்று மறுநாள் பஸ்ஸில் கேட்டார்.

அவர் போனபின் அந்தத் துவக்கைச் சட்டப்படி கடைக்காரரிடம் ஒப்படைத்தாயிற்று. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வைத்திருக்கும் உரிமை மரியராணிக்குத்தான் இருந்தது, அதை அவர் படித்துப் பெற்றார். மறைப்பதற்குத்தான் ஆட்சேபம். அவர் களவாக எதுவும் செய்யவில்லை, இருட்டில் எதுவும் வாங்கவில்லை. மலரில் இந்தக் கட்டுரை முழுவதும் வரட்டும். ஒரு வரியை வெட்டுவதானால் என் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ஏன் வெறுமை என்று கேட்பவர்களுக்கு நான் வாயால் சொல்வேன்.

மரியராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். அந்தப் பஸ் பயணத்துக்குப் பின், வேலை பார்த்த எந்த வீட்டிலும் நான் நின்று சாப்பிட்டதில்லை. கதிரை போட்டார்கள் என்றால் சாப்பிட்டேன். போடாத வீட்டில் பசிக்கவில்லை என்றேன். சில நாள் நன்றாகப் பசித்தது.