சவுக்குத் தோப்பில் பால் காய்ச்சியது

காட்டில் தனியாக வாழ்ந்த முனிவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நிறையச் சொல்லியிருந்தார்கள். கிழங்கு தின்று, யாரோடும் பேசாமல், மனம் தெளிந்து இருந்தார்களாம். அவர்களில் ஒருவருக்கும் கைக்குழந்தை இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் மகளுக்கு ஆறு மாதம் ஆகியும் அவளை நானே ஒரு தடவைகூடத் தூங்க வைத்ததில்லை. பாகூரில் என் மாமனார் வீட்டில் அதற்கு வழியே இல்லை. சேலையில் கட்டிய ஏணையில் போட்டு நான் வேகமாக ஆட்டினால், வாந்தி எடுப்பாள் என்று அத்தை, அதாவது என் மாமியார், சொல்வார். மெதுவாக ஆட்டினால், என்ன, குழந்தையைக் காயப்போடுகிறாயா என்று மூத்த ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணி, கேட்பார். இரண்டுமே சரியென்று எனக்குத் தோன்றும். நான் நிறுத்தி யோசிப்பதற்குள் குழந்தை வீறிடும். அத்தை அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கல்லில் உரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் உரை மருந்தைப் பற்றி ஓரகத்தியோடு சண்டை போட்டபடியே நடப்பார். அவள் தூங்கிவிடுவாள்.

தாயாக இருப்பதற்கான ஏதோ ஒன்று என்னிடம் இல்லையோ என்று பயமாக இருந்தது. பிறகு, இல்லை, இந்த வீட்டுக் கூச்சல்தான் காரணம் என்று முடிவு செய்தேன்.

கடல்பக்கம் மணல் மேட்டில் எங்களுக்கு ஒரு சவுக்குத் தோப்பு உண்டு. அங்கே காவல் குடிசை காலியாகக் கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லாமல் மரம் களவு போகிறது என்று மாமனார் புலம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் போய் இருக்கிறோம் என்றேன். ஒரு பானை, ஒரு பாய், ஓர் ஏணை, போதும். என் கணவர் கொம்யூன் ஆபீசில், அதாவது பஞ்சாயத்து ஆபீசில், குமாஸ்தா. பகலில் இருக்கமாட்டார், ஆகவே தனிமைக்கு இடைஞ்சல் இல்லை. மணலில் சைக்கிளைத் தள்ள வேண்டுமே என்பதுதான் அவர் கவலை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஆனால் கடைசிக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இவளும் வெள்ளக்காரன் மாதிரிதான். போறன் போறன்னுவா, முழுசா போவமாட்டா" என்றார்.

அதை நானே நிஜமாக்கினேன். கிளம்புவதற்கு முன்பு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குடிசையானாலும் புது இடம்; பால் காய்ச்சாமல் குடிபோகலாமா? முனிவர்கள் காய்ச்சியிருக்கமாட்டார்கள். ஆனால் போன மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? அத்தையிடம் கேட்டேன். அந்தக் கேள்வியோடு என் தனிமை முடிந்தது. பால் காய்ச்சுவதென்றால் நல்ல நேரம் பார்க்கவேண்டும். நேரம் பார்த்தால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குருவிநத்தத்தில் இருக்கும் மாமனாரின் தங்கை இந்த ஜென்மத்தில் பேசமாட்டார்.

ஆக, நான் காட்டுக்குப் போன காலையில் என்னோடு இரண்டு மாட்டுவண்டி நிறைய ஆட்களும் வந்தார்கள். குத்துவிளக்கு வந்தது, அம்மி வந்தது, பித்தளைக் குடங்கள் வந்தன. குருவிநத்தத்திலிருந்து சீர்வரிசையாக ஒரு வாழைத்தாரும் ஓர் ஆடும் வந்தன. ஆடு எதற்கு என்று கேட்டேன்.

"தனியா இருக்கப்போறியே, ஒரு பேச்சுத்துணைக்கு" என்றார் மாமனாரின் தங்கை.

பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று ஒரு சச்சரவு. மேகமூட்டத்தில் சூரியன் தெரியவில்லை; கடல் இரைகிற பக்கம்தான் கிழக்கு என்றார்கள். சவுக்குக் காற்று நாலு பக்கமும் கடலைப் போலவே இரைந்தது. எல்லோரும் ஆளுக்கொரு கிழக்கைக் காட்டினார்கள். இத்தனைக்கும் நடுவில், தலைமாட்டில் ஆடு கத்த, என் மகள் பாயில் அயர்ந்து தூங்கினாள். பார்த்தாயா, காட்டுக் காற்று என்று பூரித்துப்போனேன்.

சாப்பாடு முடிந்து வண்டிகள் கிளம்பின. சத்தம் ஓய்ந்தது. காற்றும் நின்றது. உடனே என் மகள் கண் விழித்து, சுற்றிப் பார்த்து, எல்லோரையும் துரத்தியவள் இவள்தான் என்பதுபோல என்னை முறைத்துவிட்டு வீறிட்டாள்.

ஏணையில் போட்டு வேகமாக ஆட்டினேன். மெதுவாக ஆட்டினேன். தாலாட்டுப் பாடினேன், இன்னும் உரக்க அழுதாள். எது சரி என்று தெரியாமல், அத்தை இருந்தால் என்ன சொல்வார் என்று வாய்விட்டே சொல்லிப்பார்த்தேன்.

"இன்னாடி ஆட்டற, கையில இருக்கறது கொயந்தயா, மொறமா?"

அழுகை சட்டென்று தாழ்ந்தது. அவசரமாக ஓரகத்தியின் குரலுக்கு மாறினேன்.

"நீங்க பேசாதீங்க அத்த. உங்க மருந்த குடிச்சிட்டுத்தான் என் புள்ள ஒரு வாரம் மொறச்சிகினே கெடந்தான்."

இமைகள் சொக்கின. எனக்கு வேகம் வந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அத்தையைப் போலவே குடிசைக்குள் நடந்தேன். திரும்பினால் வாசலில் அத்தையே நின்றார். குத்துவிளக்கை மறந்துவிட்டு, வண்டியைத் தோப்பு முனையில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். இடுப்பில் இருந்த கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ஏணைக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தை தூங்கியிருந்தாள்.

"நான் அப்பிடி இழுத்து பேசமாட்டன்" என்றார்.

பேச்சு நின்றதும் ஏணை லேசாக அசைந்தது. ஒரு சிணுங்கல். அத்தை விளக்கை எடுத்துக்கொண்டார்.

"நீதான் தூங்க வெச்ச. எனுக்கு எதுக்கு வம்பு, நிறுத்தாம பேசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேசினேன். மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த என் கணவர், விருந்தாளிகள் இன்னும் போகவில்லை என்று நினைத்து, வெளியே நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டாராம். உள்ளே நான் ஆட்டோடு உரை மருந்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.