பத்தொன்பது பேர், ஒரு மீட்டர்

நிர்மலாவால் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தால் வலது கால் ஆடத் தொடங்கிவிடும்.

நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டப் போகும் குடும்பம். பாலிடெக்னிக் முடித்து ஒரு புகைப் பரிசோதனை மையத்தில் நான்கு வருடம் இருந்தாள். அங்கே வண்டி வராமலே சான்றிதழ் போனது. கேட்டாள். வேலை போனது.

இப்போது பன்னிரண்டு வருடமாகச் சென்னை ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு டீசல் அளக்கிறாள். டீசல் குழாயில் மீட்டரை மாட்டிவிட்டு அதே வண்டியில் ஏறிப் போவாள். எந்தப் பழைய வண்டி ஓடலாம், எது கூடாது என்று அரசு முடிவெடுக்கும்போது அவள் எழுதும் தாள்களும் மேசையில் இருக்கும்.

இந்தத் தடவை கல்வராயன் மலை ஜீப்புகள். ஆள் ஒருவருக்கு எவ்வளவு டீசல் என்பது கணக்கு.

முதல் வண்டி சின்னக்கண்ணுவுடையது. பரிசோதனை என்றதும் ஜீப்பைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, பர்மிட்படி ஒன்பது பேரை மட்டும் ஏற்றினார். மற்றவர்கள் அடிவாரத்திலேயே நின்றார்கள்.

மலை மேலே கரியாலூரில் நிர்மலா கணக்குப் பார்த்தாள். ஒன்பது பேர் என்றால் இந்த ஜீப் பழைய இரும்புக்குத்தான் போகும். தினமும் ஏற்றுகிறபடி ஏற்றியிருந்தால் புது வேனையே மிஞ்சியிருக்கும். சொல்லிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை. தாளின் ஒரு பிரதி போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

மலை இறங்கும்போது ஏறலாமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கொளஞ்சியம்மாள் மரவள்ளி மூட்டையோடு முதலில் ஏறினாள்.

“இன்னா சின்னக்கண்ணு, மாலைலாம் போட்டுக்கினு பொண்ணு பாக்கப் போறியா?”

பின்னால் தொங்கியவர்களோடு பத்தொன்பது. நிர்மலா இரண்டு முறை எண்ணினாள்.

அடிவாரத்தில் மீட்டரைக் கழற்றும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒன்பதுன்னே எழுதிக்கங்க மேடம். பர்மிட்டு போச்சுன்னா வூட்ல அடுப்பு எரியாது.”

“ஒன்பதுன்னா வண்டியே போய்டுங்க.”

பத்தொன்பது என்று எழுதினாள். வண்டி எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டாள். இத்தனை வருடத்தில் அவள் காலியாக விட்ட முதல் கட்டம்.

சாயங்காலம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இருந்தபோது, அவள் போனில் அனுப்பிய தாளைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து தீனதயாளன் கூப்பிட்டார். அவர்தான் தாள்களைச் சரிபார்ப்பவர். எண் இல்லாத தாள் செல்லாது என்றார். அவள் போனைக் காதில் வைத்தபடி நிலையத்தை மூன்று சுற்று சுற்றினாள். இந்தத் தடத்து ஜீப்புகள் எல்லாவற்றையும் அளந்து, எண் இல்லாமல் சராசரி மட்டும் கொடுத்தால் ஆகுமா என்று கேட்டாள்.

“ஆகும். பத்து வண்டியாவது வேணும்மா. சனிக்கிழமைக்குள்ள. நாளு கூட ஆனா தினப்படி கிடையாது.”

அன்று புதன்.

மறுநாள் ஆறு மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் புதுத் தாளைக் காட்டினாள். அதில் எண்ணுக்குக் கட்டமே இல்லை. ஓட்டுநர்கள் சின்னக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு வாடிய மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

நிர்மலா மீட்டரை மாட்டிவிட்டு ஏறியபோது பதினாறு பேர் உள்ளே இருந்தார்கள்.

“கால ஒடுக்கிக்கங்க மேடம், இன்னும் ரெண்டு பேர் வந்துக்கினு இருக்காங்க,” என்றார் சின்னக்கண்ணு.

யாரோ அரிசி மூட்டையை அவள் முழங்கால்மேல் சாய்த்தார்கள். வலது காலை அசைக்க இடமில்லை. ஜீப் கிளம்பியது. இன்னும் ஒன்பது வண்டி.