கரும்பலகையில் ஒரு முதல் பக்கம்

போர்க்காலம். கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபம். நூலகத்துக்கு இணையப் பக்கம் அமைப்பது பற்றிப் பேச நூலகர்கள் கூடியிருக்கிறோம். மின்சாரம் நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த கம்பியூட்டர் சும்மா கிடக்கிறது. முதல் பக்கத்தைக் கரும்பலகையில் வரைகிறேன். மேலே நூலகக் கட்டடம், தூண்களைக்கூட விடவில்லை.

உள்ளூர் நூலகர் றிஸானா எழும்புகிறார்.

"சேர், இதைப் பார்க்க ஆமி செக்பொயிண்ட் தாண்டி வரத் தேவையில்லையா?"

"தேவையில்லை."

"அப்ப, செக்பொயிண்டுக்கு அங்கால இருக்கிற சொறிக்கல்முனை மாஸ்டர் கேட்ட புத்தகம் வந்திட்டெண்டு முதல்ல போடுங்க. ரெண்டு வருஷமா அவர் இந்தப் பக்கம் வாறல்ல. புத்தகத்த அவர்ர பேரில எடுத்து வச்சிருக்கன்."

"அவரிடம் கம்பியூட்டர் இருக்கிறதா?"

"அவர்ர வீட்டில கரண்டே இல்ல, சேர்."

கட்டடத்தைத் தூண்களோடு அழித்துவிட்டு, புத்தகத்தின் பெயரென்ன என்று கேட்கிறேன்.