எனக்குப் பெஸ்கா பிடிக்கும்

நான் வாழும் பலேர்மோ நகரத்தில் பீச்சுப் பழத்துக்கும் மீன்பிடித்தலுக்கும் ஒரே சொல்தான். பெஸ்கா. வடக்கே மிலானோப் பக்கத்தில் வாயை ஒரு நூல் கூடத் திறந்து இரண்டுக்கும் வித்தியாசம் காட்டுவார்களாம். சிசிலிச் சனத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பழக்கடைக்காரனும் பெஸ்கா என்கிறான், துறைமுகத்தடியில் தூண்டில் விற்கிறவனும் பெஸ்கா என்கிறான். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். நம்முடைய தமிழ் மட்டும் என்னவாம்? கொக்கு மீன் பிடிக்கும், பூனைக்கு மீன் பிடிக்கும். இந்த இரண்டு ‘பிடிக்கும்’களையும் ஓர் இத்தாலியருக்கு விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். அரைகுறை மொழியோடு வாயைத் திறக்கிறவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது பல நாள் கழித்துத்தான் விளங்கும். எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், நாலாம் மாடியில், சிஞ்ஞோரா அகாத்தாவின் வீட்டில் தங்கி வேலை செய்கிறேன். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, ஒல்லியான தேகம், நடந்தால் நான் பின்னால் ஓடவேண்டும். அந்த ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மத்தியானம் நான் குசினியில் பீச்சுப் பழங்களைக் கழுவிக்கொண்டு நின்றபோது, பக்கத்து அறையிலிருந்து கேட்டார்: “தி பியாச்சே லா பெஸ்கா?” உனக்குப் பெஸ்கா பிடிக்குமா என்று. கையிலேயே பழம். “சி, சி, மொல்தோ!” என்றேன், ஓம், நல்ல விருப்பம் என்று. அதற்குப் பிறகு தீவு, அப்பா, வீடு என்று ஏதேதோ சேர்த்துக் கேட்டார். விளங்காத இடத்தில் ஒரு ‘சி’ போடுவது நான் வந்த முதல் மாதத்திலேயே படித்த பாடம். இரண்டு மூன்று ‘சி’ போட்டேன். சிஞ்ஞோரா எழும்பி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். ஒரு பழத்துக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்ஸில் மொந்தெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், ஒரு சொந்தக்காரரின் கராஜைத் திறந்து காட்டினார். உள்ளே சிவப்பு நிறத்தில் ஒடுங்கிய நீளப் படகு ஒன்று, கயாக். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் இருக்கலாம். சுவரில் துடுப்புகள், தூண்டில் தடிகள், மிதவைச் சட்டைகள். அவரும் தங்கையும் இருபது வருடமாக இதில் ஸ்பிகோலா பிடித்தவர்களாம். ஸ்பிகோலா நம்முடைய கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரியான மீன். தங்கை தன் மகனோடு தொரினோவுக்குக் குடிபோய்விட்டார், அங்கே கடல் இல்லை. தனியாளாக இதை ஓட்டி மீனும் பிடிக்க ஏலாது. “இப்போது நீ வந்துவிட்டாய். மீனவரின் மகள்!” என்றார் சிஞ்ஞோரா. நான் எதற்கெல்லாம் ‘சி’ போட்டேன் என்பது அந்த கராஜ் வாசலில்தான் எனக்கு வெளித்தது. என்னுடைய அப்பா கைதடியில் புகையிலைத் தோட்டம் செய்தவர். எங்களுக்குக் கடல் என்றால், யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்து பார்க்கிற முழங்காலளவு தண்ணீர்தான். எனக்கு நீச்சலும் தெரியாது, தூண்டிலும் தெரியாது. கொடுவாவை வெட்டிக் குழம்பு வைக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் என்னைத் தடுத்தது ஒரு கடிதம். கணவரும் மகள் துளசியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். துளசிக்கு இரண்டு வயதாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தேன், இப்போது ஐந்து. அவர்களை இங்கே எடுப்பதற்கு, இவளுக்கு வேலையும் இருக்கிறது, மூன்று பேரும் தங்க என் வீட்டில் இடமும் இருக்கிறது என்று சிஞ்ஞோரா எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். அதைக் கொண்டுபோய் குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டுக்காரரின் கடதாசிகளைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரில், கொடுக்கவேண்டும். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் “வெதியாமோ” என்றார். பார்ப்போம். நம்முடைய ஊரிலும் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் இப்போதுதான் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார்.

கீழ் மாடியில் வேலை செய்யும் பிலோமினா அக்காவிடம் போய் அழுதேன். மன்னாரில் நிசமாகவே கடற்தொழில் செய்த குடும்பம் அவருடையது.

“எடி விசரி, ஓம் எண்டு சொன்ன வாயாலை இப்ப இல்லை எண்டு சொல்லப்போறியே? கடிதம் கைக்கு வருமட்டும் நீ மீன்பிடிகாரியாவே இரு” என்றார்.

“எனக்கு நீந்தத் தெரியாதக்கா.”

“எங்கடை அப்புவுக்கும்தான் தெரியாது. வள்ளத்துக்குள்ளை இருக்கிறதுக்கு நீச்சல் என்னத்துக்கு?”

இந்த ஆறுதலோடு நான் ஒக்டோபர் வரைக்கும் நாளைக் கடத்தினேன். மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு ஸ்பிகோலா கரைக்கு வரும் என்று சிஞ்ஞோரா நாள் குறித்தார். முதல் நாள் பின்னேரம் கராஜிலிருந்து சாமான்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து குசினியில் பரப்பி வைத்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போய்விட்டார். மீனவர் மகள் சும்மா இருக்கலாமா? தடிகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பொருத்துகிற இடங்கள் இறுக்கமாக இருந்தன, தேங்காயெண்ணெய் பூசினேன். மீனை அள்ளும் வலையில் பழைய மணம், அதை அலசி பல்கனியில் காயப்போட்டேன். சாமான்களுக்கு நடுவே கறுப்பு றப்பர் மூடி ஒன்று கிடந்தது. எங்கள் குசினித் தொட்டியின் மூடி தொலைந்து ஒரு மாதம். வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அன்றிரவு வலு திருப்தியாகப் படுத்தேன்.

காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி அசையாமல் கிடந்தது. சிஞ்ஞோரா செம்மஞ்சள் மிதவைச் சட்டைக்குள் என்னை இறுக்கிக் கட்டி முன் இருக்கையில் இருத்தினார். என் கைப்பையில் குடை, தண்ணீர்ப் போத்தல், மீன் தொட்ட கையோடு பஸ்ஸில் ஏற வெட்கப்பட்டு எடுத்துவந்த ஒரு சவர்க்காரக் கட்டி. கரையிலிருந்து இருநூறு யார் தூரம் போயிருப்போம். சிஞ்ஞோரா தடியை ஓங்கி வீசினார். எண்ணெய் பூசிய பொருத்து கழன்று, தடியின் மேற்பாதி ஈட்டி போலப் பறந்து கடலில் விழுந்தது. நூலைச் சுற்றி இழுத்து எடுத்தார். முகர்ந்து பார்த்தார். “கொக்கோ?” என்று கேட்டார், தேங்காயா என்று. “எங்கள் வழக்கம்” என்று சமாளித்தேன். வலையைக் கேட்டார். அது பல்கனியில் உடுப்புகளோடு காய்ந்துகொண்டிருந்தது. பொருத்தைச் சட்டை நுனியால் துடைத்து இறுக்கினார். தூண்டிலைத் திரும்பவும் கடலில் விட்டுவிட்டுத் தடியைத் தன் பக்கத்துத் தாங்கியில் செருகினார்.

கொஞ்ச நேரத்தில் என் கால்மாட்டில் தண்ணீர் குளிர்ந்தது. பின்னுக்குப் படகு தாழ்ந்து கொண்டிருந்தது.

“மூடியைப் பின்னால் இறுக்கினாய்தானே?”

“எந்த மூடி?”

“கறுப்பு. றப்பர். படகின் ஓட்டையை அடைக்கிறது.”

நான் கும்பிடாத தெய்வம் இல்லை. “குசினித் தொட்டியில், சிஞ்ஞோரா. நல்லாய்ப் பொருந்துது.”

பயமும் வெட்கமும் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டன. பழம் என்று நினைத்துத்தான் சி சொன்னேன், அப்பா புகையிலைக்காரன், எனக்கு நீந்தத் தெரியாது, கடிதத்துக்காகப் பொய்யை வளர்த்தேன் என்று உடைந்த இத்தாலியனில் எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம் கைவிட்டுப் போனது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மூழ்கினால் பரவாயில்லை என்று கூட ஒரு கணம் நினைத்தேன். சிஞ்ஞோரா வெதும்பிய குரலில் கேட்டார்: “இரண்டு மாதமா? என் வீட்டில் இருந்துகொண்டா?” பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே கடலில் இறங்கினார். பின்பக்கம் நீந்திப் போய் ஓட்டையில் விரலை வைத்து அடைத்தார். “ஏதாவது தா! துணி, பாண் துண்டு, எதுவென்றாலும்!”

பைக்குள் கை விட்டேன். சவர்க்காரம் அகப்பட்டது. தூண்டில் பெட்டியிலிருந்த கத்தியால் ஆப்பு மாதிரிச் செதுக்கி நீட்டினேன்.

“சப்போனேயா? பைத்தியமா உனக்கு? தண்ணீரில் கரைந்துவிடும்!”

“உப்புத் தண்ணியில் கரையாது சிஞ்ஞோரா. நுரையே வராது. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு!”

கைதடியில் பாதிக் கிணறு உவர். தலையில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராமல் சவர்க்காரத்தைத் திட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளை நான். பொய் சொல்லிக்கொண்டிருந்தவள் அந்தச் சொல்லில் மட்டும் பிடிவாதமாக நின்றதைக் கண்டாரோ என்னவோ, வாங்கிச் செருகி உள்ளங்கையால் அடித்து இறுக்கினார். தண்ணீர் நின்றது. நான் போத்தலின் கழுத்தை வெட்டிவிட்டு அதனால் அள்ளி அள்ளி ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்துத் தடி வளைந்தது. படகில் இருப்பவள் நான் ஒருத்தி, தடி பின்னிருக்கைப் பக்கம். திரும்பி எட்டிப் பிடித்தேன். கடலுக்குள் இருந்து கொண்டே சிஞ்ஞோரா, “விடு! இழு! விடு!” என்று பள்ளிக்கூடக் குரலில் கத்தினார். விடவும் தெரியாமல் இழுக்கவும் தெரியாமல் நான் செய்ததை மீனே பொறுத்துக்கொண்டது போலும். வெள்ளி வயிறு ஒன்று பக்கத்தில் மின்னியது. வலை இல்லை. குடையை விரித்துக் கவிழ்த்துப் பிடித்தேன். இரண்டு கம்பி முறிந்தது, மீன் குடைக்குள். சிஞ்ஞோரா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் உப்புத் தண்ணீர் போகப் போகச் சிரித்தார். நானும் சிரித்தேன், என் கண் மட்டும் அழுதது.

அவர் நீந்தித் தள்ள, நான் துடுப்பால் தண்ணீரை அடிக்க, கரை வந்து சேர்ந்தோம். சிஞ்ஞோரா படகைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் குடையையும் மீனையும் ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தேன். உள்ளே அவர் தலையைத் துவட்டிவிட்டுச் சுவரின் மேல் ஆணியில் எதையோ தேடினார். தங்கை மகனின் சிறுவயது மிதவைச் சட்டை, மஞ்சள் நிறம். அதைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டு கேட்டார்: “குவாந்தோ பேசா?” எவ்வளவு நிறை?

“இரண்டு கிலோ இருக்கும்” என்று குடையைத் தூக்கிக் காட்டினேன்.

“மீனை இல்லை. பம்பீனாவை. உன் மகளை.” சட்டையில் இருந்த எழுத்தைக் காட்டினார். இந்தச் சட்டைகளை வயதுக்கு இல்லை, நிறைக்குத்தான் போடுவார்களாம். “கடிதம் இன்றைக்கு எழுதுகிறேன். ஆனால் இது அவளுக்கு அளவோ என்று தெரியவேண்டும்.”

எனக்குத் துளசியின் பிறந்த நட்சத்திரம் தெரியும், சப்பாத்து நம்பர் தெரியும், எந்தப் பல்லு விழுந்தது என்பதும் தெரியும். என்ன நிறை என்று தெரியாது. அவளைத் தூக்கி மூன்று வருடம். சிஞ்ஞோராவுக்கு விளங்கியிருக்கவேண்டும், சட்டையை மடித்து என் பைக்குள் வைத்தார். மீனைக் குழம்பு வைத்தேன். உறைக்குது என்று சொல்லிச் சொல்லிச் சட்டியை வழித்தார். சாப்பிட்ட மேசையிலேயே கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்தார். மறுநாள் அதை குவெஸ்தூராவில் கொடுத்தேன்.

கொழும்புக்கு ரெலிபோன் எடுத்ததும் என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

“இஞ்சாருங்கோ, பிள்ளை எத்தனை கிலோ?”

“என்ன கேக்கிறீர்? கடிதம் என்னமாதிரி எண்டு சொல்லும்.”

“கடிதம் தந்திட்டா, குடுத்தும் போட்டன். பிள்ளையின்ரை நிறையைச் சொல்லுங்கோ.”

கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: “பிள்ளையை ஆரப்பா நிறுத்துப் பாக்கிறது? அதென்ன மீனே?”

ஆனால் அடுத்த கிழமை எடுத்தபோது நிறுத்துப் பார்த்திருந்தார். “பதினாறரை. மூலைக்கடை முதலாளி சீனிச் சாக்கு நிறுக்கிற தராசிலை ஏத்திவிட்டவர். இறங்கமாட்டன் எண்டு அதிலையே குந்திக்கொண்டிருந்தவள்.”

பதினாறரை என்று கையில் எழுதிக்கொண்டேன். சட்டை அளவுதான். என்றாலும் அந்த எண் மனதில் நிற்கவில்லை, அது எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமை பல்லரோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனவள் உருளைக்கிழங்குக்காரனிடம் பதினாறரைக் கிலோ நிறுக்கச் சொன்னேன். வாழ்நாளில் எனக்கு இரண்டு கிலோவுக்கு மேல் விற்காதவன். “மாத்ரிமோனியோ?” என்றான், கலியாணமோ என்று. “மியா ஃபில்யா” என்றேன், என் மகள் என்று. அவன் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்கும்படி இவளின் மகளுக்குக் கலியாணம் என்று கத்தினான். மீன் கடையிலிருந்தும் ஒலிவ் கடையிலிருந்தும் “ஔகூரி!” என்று வாழ்த்தினார்கள். சந்தோஷத்தில் அவன் தன் பங்குக்கு இரண்டு கை நிறைய அள்ளி மேலே போட்டான். தராசு முள் பதினேழைத் தாண்டியது. நான் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப வைத்தேன். சும்மா தருகிறேன் பெண்ணே என்று கோபித்தான். “இல்லை, இல்லை, பதினாறரை” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு முள் சரியாக நிற்கும்வரை எடுத்தேன்.

பிறகு மூட்டையைத் தூக்கி இடது இடுப்பில் வைத்தேன். உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்து கொடுத்தது, அது ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் நான் விட்டுவிட்டு வந்த பிள்ளையைவிட மூட்டை மிகவும் பாரமாக இருந்தது. இனிப் பழகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடம் வரைக்கும் இறக்காமல் நடந்தேன்.