ஆரஞ்சு ஸ்பிரிங்

1. உயரக் கம்பி

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கவுண்டரைச் சாத்தப் போகும் நேரத்தில் குமரனிடமிருந்து போன் வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சரோ அக்கா, எங்க புளோக் கார்ப்பேட்டை வாசல்ல நிக்கிறேன். உள்ள போக முடியல. பின்னால இருக்கிறவங்க ஹார்ன் அடிக்கிறாங்க. என்ன பண்றது?"

கார் நின்றுவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம், கார் அருமையாக ஓடுகிறதாம். அதன் தலையில் இருப்பதுதான் தகராறு. அன்று மதியம் வேறொரு கடையில் காரின் கூரைமேல் ஒரு கூடாரம் வாங்கிப் பொருத்தியிருந்தார். காட்டுக்குப் போனால் ஏணி வைத்து ஏறி, காருக்கு மேலேயே படுத்துக்கொள்ளலாம். காட்டுக்குப் போவது இருக்கட்டும், வீட்டுக்குப் போக வழியில்லை. பலமாடிக் கார்ப்பேட்டை, அதாவது கார் நிறுத்துமிடத்தின், நுழைவில் தொங்குகிற உயரக் கம்பி அந்தக் கூடாரத்தின் நெற்றியில் இடித்துக்கொண்டு நின்றது.

பின்னால் நிற்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரிவர்ஸ் எடுங்கள், பக்கத்துத் திறந்தவெளிப் பேட்டையில் நிறுத்துங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் காக்கி புக்கிட் பக்கம் ஒரு ஃபோர் வீல் டிரைவ் பட்டறையில் சர்வீஸ் அட்வைசராக வேலை பார்த்தேன். காரோடு வருகிறவரிடம் குறை கேட்டு, மெக்கானிக்கிடம் சொல்லி, வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாற்காலி அது. ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், "அக்கா, ரெண்டு விஷயம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். ரெண்டு விஷயம் என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அது குமரனின் காரைப் பற்றியது.

சிங்கப்பூரில் சேறு பார்க்க வேண்டுமென்றால் மழைநாளில் கட்டுமானத் தளத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, லீவு கிடைத்ததும் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பக்கம் போய் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சேற்றில் இறங்குவார்கள். போகாத நாளெல்லாம் வீடியோ பார்ப்பார்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒருவர் கார் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, சுவா சூ காங்கில் இருக்கிற தன் காருக்கு என்ன குறை என்று யோசிப்பார்கள். எங்கள் பிழைப்பில் பாதி அந்த யோசனையில்தான் ஓடியது, அதனால் நான் ரொம்பவும் கேலி செய்யக்கூடாது.

2. வீட்டு ஹாலில் கூடாரம்

குமரன் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சேஃப்டி ஆபீசர். வேலையிடத்தில் சான்றிதழ் இல்லாமல் ஒரு கயிற்றைக்கூட உள்ளே விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், தினேஷ் வீடியோவில் ஒன்றைக் காட்டினால் மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிவிடுவார்.

தினேஷ் நம் ஊர்ப் பையன்தான். காடு மலையெல்லாம் கார் ஓட்டித் தமிழும் ஆங்கிலமும் கலந்து வீடியோ போடுவார். கலகலப்பாகப் பேசுவார், நன்றாகவும் ஓட்டுவார். ஒரு கம்பெனி அவருக்குப் பொருள் கொடுக்கும். அவர் அதைக் காரில் மாட்டிக் காட்டி, வாங்குகிறவர்களுக்குத் தள்ளுபடிக் குறியீடு ஒன்றைச் சொல்வார். இது ஸ்பான்சர் வீடியோ என்று மூலையில் எழுதியும் இருக்கும். யாரும் மூலையைப் பார்ப்பதில்லை.

அந்தக் கூடாரம் குமரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே சாமான் போட்டு வைக்கிற பாம் ஷெல்டர் அறைக்குள் நுழையவில்லை, கட்டிலுக்கு அடியில் போகவில்லை. கடைசியில் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சோபாவாக உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவி மீனா துவைத்த துணிகளை அதன்மேல் மடித்து வைக்க ஆரம்பித்தார்.

மீனா சிராங்கூன் சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்கக் குனிந்து வேலை. முதுகு வலி. ஜொகூர் போய்வந்தால் இரண்டு நாள் படுக்கை. காரின் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்து வந்தாலும் அதே கதைதான்.

இதில்தான் சிக்கல் வந்தது. குமரன் காரின் சிஓஇ முடியப் போகிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கார் வாங்கினால் பத்து வருடம்தான் உரிமை. அதற்கப்புறம் பெரும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கார் ஸ்க்ராப் யார்டுக்குப் போய்விடும். குமரனுக்கு அந்தப் பழைய பச்சை வண்டி உயிர். மீனா சண்டை போடவில்லை. அடுத்த பயணத்தில் முதுகு வலிக்காமல் வீடு வந்து சேர்ந்தால் புதுப்பிக்கலாம், வலித்தால் கார் போகட்டும் என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. எனக்கும் அந்த வண்டி முதல் சர்வீஸிலிருந்து பழக்கம். அது நசுக்கப்பட்டு இரும்பாகப் போகும் என்று நினைத்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

குமரன் என்னிடம் வந்து மீனாவின் நிபந்தனையைச் சொல்லிவிட்டு, மருந்தும் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். தினேஷ் தன் காரில் மாட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஸ்பிரிங்தான் மருந்தாம். "மெத்தையில போற மாதிரி இருக்கு" என்று வீடியோவில் சொல்லியிருக்கிறாராம். உயரத்தைக் கூட்டாத வகை, கார்ப்பேட்டைக் கம்பிக்கும் பயமில்லை. ஆர்டர் போட்டாயிற்று, பெட்டி வந்ததும் நீங்கள் மாட்டிக்கொடுங்கள் என்றார்.

அது பாரம் ஏற்றுகிற காருக்கான ஸ்பிரிங் என்று சொன்னேன். முன்னால் இரும்பு பம்பர், சேற்றில் சிக்கினால் இழுக்கிற வின்ச், பின்னால் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தால் சொகுசாக இருக்கும். காலிக் காரில் மாட்டினால் கருங்கல்லில் உட்கார்ந்து போவதுதான். உங்கள் காருக்கு ஸ்பிரிங்கில் குறை இல்லை, குலுக்கலைத் தாங்குகிற ரப்பர் புஷ்ஷும் அப்சார்பரும்தான் செத்துக் கிடக்கின்றன, அதை மாற்றுங்கள் என்றேன்.

குமரன் சிரித்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த பிராண்ட் நீங்க விக்கிறது இல்ல. புஷ் நீங்க விக்கிறீங்க. அதான் இப்படிச் சொல்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் என்ன தப்பு? நானும் விற்கிறவள்தானே. ஒரு வியாபாரியின் பேச்சைவிட இன்னொரு வியாபாரியின் பேச்சு ஏன் உசத்தி?

3. சனிக்கிழமை காலை

எனக்குத் தெரிந்த ஒன்று குமரனுக்குத் தெரியாது. தினேஷின் காரும் எங்கள் பட்டறையில்தான் சர்வீஸ் ஆகிறது. வீடியோ எடுத்த கொஞ்ச நாளிலேயே அவர் அந்த ஆரஞ்சு ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லி, காரோடு வந்த பழைய ஒரிஜினல் கறுப்பு ஸ்பிரிங்கையே மறுபடி மாட்டச் சொன்னார். நாங்கள் மாட்டிக் கொடுத்தோம். அடுத்த தடவை கார் வந்தபோது கறுப்பு ஸ்பிரிங் ஆரஞ்சாக மாறியிருந்தது. ஸ்பிரே டப்பா வாங்கித் தானே அடித்திருக்கிறார். மெக்கானிக்குகள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இதைக் குமரனிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் தவ்க்கே, அதாவது முதலாளி, போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தர் காரைப் பற்றி இன்னொருத்தரிடம் வாய் திறக்கக்கூடாது. இந்த ஊரில் சேற்றில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். டாக்டர் நோயாளியைப் பற்றிப் பேசாத மாதிரி நாங்களும் பேசமாட்டோம். அந்த நாற்காலியில் இருந்தவரை நான் அதை மீறியதே இல்லை.

ஆனால் அப்பாயின்மெண்ட் கொடுப்பது என் வேலை. எந்தக் கார் எந்த நேரம், காரைத் தூக்கி நிறுத்துகிற ஹாய்ஸ்டில் எது என்று தீர்மானிப்பதும் நான்தான். அதற்குத் தவ்க்கே சட்டம் எதுவும் போடவில்லை.

மலேசியாவின் பாகாங்கில் ஆற்றைக் கடந்து வந்திருந்த தினேஷ், காரின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், எண்ணெய்க் கசிவும் பார்க்க வேண்டும் என்று போன் செய்தார். சனிக்கிழமை காலை வாருங்கள் என்றேன். குமரனின் பெட்டியும் வந்து சேர்ந்தது. அவருக்கும் சனிக்கிழமை காலைதான் கிடைத்தது. என்ன செய்வது, அந்த வாரம் அவ்வளவு நெருக்கடி.

குமரன் பெட்டிகளை இறக்கும்போது தினேஷின் கார் பக்கத்து ஹாய்ஸ்டில் தலைக்கு மேலே நின்றது. தினேஷ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். குமரனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கை குலுக்கினார், படம் எடுத்துக்கொண்டார், உங்கள் வீடியோ பார்த்துத்தான் வாங்கினேன் என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார். தினேஷின் முகம் கொஞ்சம் வாடியதை நான் கவுண்டரிலிருந்தே பார்த்தேன். "ஸ்பிரிங்கை நேர்ல பாக்கலாமா?" என்று கேட்டபடி குமரன் பதிலுக்குக்கூடக் காத்திராமல் காருக்கு அடியில் போய்விட்டார்.

பாகாங் ஆற்றின் கல்லும் மணலும் ஸ்பிரே பெயிண்டை விட்டுவைக்கவில்லை. சுருளுக்குச் சுருள் ஆரஞ்சு உரிந்து கறுப்பு தெரிந்தது. ஒரிஜினல் பாகத்தின் நம்பர்கூடத் தெளிவாக இருந்தது. குமரன் விரலால் சுரண்டினார். ஒரு துண்டு பெயிண்ட் கையோடு வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வேலையிடத்தில் விபத்து நடந்த இடத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பிரதர், இது ஒரிஜினல் ஸ்பிரிங்தானே?"

தினேஷ் காப்பியைக் கீழே வைத்தார். மழுப்புவார் என்றுதான் நினைத்தேன், மழுப்பவில்லை.

"ஆமா பிரதர். எங்கம்மா பின் சீட்டுல உக்காருவாங்க. அந்த ஸ்பிரிங்ல ஒரு தடவை மார்க்கெட் போயிட்டு வந்து, இனிமே நான் எம்ஆர்டி ரயில்ல போய்க்கிறேன்னுட்டாங்க. கழட்டிட்டேன். ஆனா காண்ட்ராக்ட் இருக்கு லா, வீடியோல ஆரஞ்சு தெரியணும்."

"மெத்தை மாதிரின்னு சொன்னீங்களே?"

"வீடியோ எடுத்த அன்னிக்கு வின்ச், தண்ணி, சாமான் எல்லாம் ஃபுல் லோடு. அப்ப மெத்தைதான். உங்க வண்டில என்ன இருக்கு?"

குமரன் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒரு குடையும் டிஷ்யூ டப்பாவும் இருந்தன.

சண்டை வரும் என்று மெக்கானிக்குகள் கையில் ஸ்பானரோடு காத்திருந்தார்கள். வரவில்லை. குமரன் முதலில் சிரித்தார், அப்புறம் தினேஷும் சிரித்தார். பெட்டியைப் பிரிக்காதீங்க, பிரிக்கலைன்னா திருப்பி எடுத்துப்பாங்க, நானே பேசுறேன் என்று தினேஷ் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார். குமரன் என் கவுண்டருக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, அந்த புஷ், அப்சார்பர்..." என்று இழுத்தார். முன்பே எடுத்து வைத்திருந்தேன்.

கிளம்பும்போது தினேஷ் மெதுவாகக் கேட்டார். "அக்கா, வேணும்னுதானே ரெண்டு பேருக்கும் ஒரே டைம் குடுத்தீங்க?"

"சனிக்கிழமைதான் ஸ்லாட் இருந்துச்சு லா" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த வீடியோக்களில், இந்தப் பொருள் யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று சொல்ல ஆரம்பித்தார். கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் கூடினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

4. பின் சீட்

குமரனும் மீனாவும் ஜொகூரில் மெர்சிங் பக்கம் ஓர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அந்த இரண்டு நாளும் எனக்கு வீட்டில் வேலை ஓடவில்லை. புஷ் மாற்றச் சொன்னது நான். வலி வந்தால் கார் போவது மட்டுமல்ல, என் பேச்சும் போகும்.

திங்கட்கிழமை குமரன் போன் செய்தார். குரலில் சுரத்தில்லை. மீனா போகும்போதும் தூங்கிவிட்டாராம், வரும்போதும் தூங்கிவிட்டாராம். தோட்டத்துப் பாதையில் தான் எவ்வளவு திறமையாக ஓட்டினேன் என்பதை அவர் பார்க்கவே இல்லையாம். மனுஷன் அதற்கு வருத்தப்படுகிறார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

அந்த வார இறுதியில் மீனாவே பட்டறைக்கு வந்தார். அவர் எங்கள் கவுண்டருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமாக அந்தக் காரின் குறைகளை நான் குமரனிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் கையில் இருக்கிறது, குழி வருவது முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின் சீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது. வீடியோ எடுக்கிறவரும் ஓட்டுகிறவர், பார்க்கிறவரும் ஓட்டுகிறவர், பட்டறைக்கு வருகிறவரும் ஓட்டுகிறவர். தினேஷின் அம்மா ஒருவர்தான் அந்த ஸ்பிரிங்கைப் பற்றி முதல் நாளே சரியாகச் சொன்னவர், அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. பிள்ளைகளே, கவுண்டருக்கு யார் வந்து என்ன கேட்டாலும், "உங்க கார்ல பின்னால யார் உக்காருவாங்க?" என்று முதலில் கேளுங்கள். நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இது.

மீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிஓஇயை அஞ்சு வருடத்துக்குப் புதுப்பிப்பதா, பத்துக்கா என்று கேட்டார். அஞ்சு எடுத்தால் அத்தோடு முடிந்தது, மறுபடி நீட்ட முடியாது என்று சொன்னேன்.

"அப்ப பத்தே எடுத்துடுறோம்" என்றார். "ஆனா அக்கா, இனிமே இந்தக் காருக்கு அவர் எதைக் கொண்டு வந்தாலும் நீங்க உடனே மாட்டக் கூடாது. எனக்கு போன் பண்ணுங்க. நான் வந்து பின்னால உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் நம்பரை அங்கேயே வாங்கி, என் போனில் குமரன் பெயருக்கு மேலே போட்டுக்கொண்டேன்.